தண்டர்பேர்ட் 350: ஆல்டர் செய்த பிறகு வரும் கோளாறுகளை வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். 2014 மாடல் ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்ட் 350, செகண்ட் ஹாண்டில் வாங்கியது. உயரமான ஹேண்டில்பார், குட்டை சைலன்சர், இரண்டு ஃபாக் லைட், யு.எஸ்.பி. சார்ஜர், சைடு பாக்ஸ் எல்லாம் மாட்டியாகிவிட்டது. இப்போது மூன்று நாள் ஓட்டாமல் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது. ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சர் பட் பட் என்று வெடிக்கிறது, இடையிடையே மிஸ்ஸிங், அதாவது எஞ்சின் சரியாக எரியாமல் விக்குகிறது. 80-ஐத் தாண்டினால் முன்பக்கம் ஆடுகிறது. எஞ்சினை இறக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா?

முடியும். எஞ்சினை இப்போதைக்கு யாரும் தொட வேண்டாம். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு கோளாறுக்கும் பக்கத்திலேயே புதிதாக மாட்டிய ஒரு பொருள் நிற்கிறது. பேட்டரிக்கு ஃபாக் லைட்டும் சார்ஜரும், வெடிப்புக்கு சைலன்சர், ஆட்டத்துக்கு ஹேண்டில்பாரும் பாக்ஸும். கடைசியாகக் கை வைத்த இடத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஆல்டர் செய்த வண்டியில் கோளாறு பார்க்கும்போது நான் விடாமல் பிடித்துக்கொள்ளும் ஒரே விதி அதுதான்.

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. 20 லிட்டர் டேங்க்கும் பின்சக்கர டிஸ்க்கும் புரொஜெக்டர் ஹெட்லைட்டும் கொண்ட இந்த உருவம் 2012 இறுதியில் வந்தது. 500 சிசி வண்டிக்கு ஃப்யூல் இன்ஜெக்ஷன். உங்களுடைய 350-க்கு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர். 346 சிசி, 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக். பிஸ்டன் நீளமாக ஏறி இறங்கும் எஞ்சின் என்பதால் 4000 ஆர்.பி.எம்.மிலேயே முழு இழுவையும், அதாவது 28 நியூட்டன் மீட்டரும் கிடைத்துவிடுகிறது. இதை எந்த சைலன்சரும் மாற்றிவிடாது. இன்னொரு விஷயம்: இந்த எஞ்சினில் ஹைட்ராலிக் லிஃப்டர், அதாவது வால்வைத் தள்ளும் பாகத்தின் இடைவெளி ஆயில் அழுத்தத்தில் தானே சரியாகிக்கொள்ளும். டேப்பெட் இடைவெளியைக் கையால் செட் செய்யும் வேலையே கிடையாது. "டேப்பெட் செட்டிங் பண்ணணும்" என்று யாராவது பில் போட்டால், எந்த டேப்பெட் என்று தாராளமாகக் கேளுங்கள்.

முதலில் பேட்டரி. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிவிடுங்கள். சாதாரண மீட்டரே போதும், ஒரு தடவை டோ செய்யும் செலவை விடக் குறைவுதான். இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவி போடாமல், பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 12.6 முதல் 12.8 வோல்ட் வந்தால் சார்ஜ் நிறைந்திருக்கிறது. 12.2-க்குக் கீழே என்றால் பாதி காலி. அடுத்து செல்ஃப் அழுத்தும்போது பாருங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரியே பலவீனம், அல்லது டெர்மினல் துருப்பிடித்திருக்கிறது. கடைசியாக எஞ்சினை ஓடவிட்டு நன்றாக ரேஸ் கொடுத்து அளந்தால் 13.8-இலிருந்து 14.5-க்குள் நிற்க வேண்டும். 13-ஐயே தொடவில்லை என்றால் சார்ஜிங் இல்லை. எஞ்சினுக்குள் கரண்ட் உண்டாக்கும் ஸ்டேட்டர், அதை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் ரெக்டிஃபையர், இரண்டின் ஒயர்களையும் இணைக்கும் கப்ளர் மூன்றையும் பார்க்க வேண்டும். அந்த கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். கருகிப் பழுப்பேறியிருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. அப்படியே ஓட்டினால் பேட்டரியும் பல்புகளும் சேர்ந்தே போகும்.

உங்கள் விஷயத்தில் இந்த மூன்று அளவும் சரியாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். ஓட்டும்போது தொல்லையில்லை, நிறுத்தினால்தான் இறங்குகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் சாவியை எடுத்த பிறகும் ஏதோ ஒன்று பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த வண்டியின் பேட்டரி 14 ஆம்பியர் ஹவர். மூன்று நாள் என்பது 72 மணி நேரம். மூன்று நாளில் முழுக்கக் காலியாக 0.2 ஆம்பியர், அதாவது 200 மில்லி ஆம்பியர் போதும். செல்ஃப் அடிக்காத அளவுக்கு இறங்க அதில் பாதியே போதும்.

இதைக் கண்டுபிடிக்கச் சாவியை ஆஃப் செய்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். மீட்டரை 10 ஆம்பியர் பாயிண்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையைக் கழற்றிய ஒயரிலும் தொடுங்கள். மீட்டர் இப்படி நடுவில் இருக்கும்போது செல்ஃப் அழுத்திவிடக் கூடாது, மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். சில மில்லி ஆம்பியர் காட்டினால் கவலையில்லை, கடிகாரம் மாதிரியான சின்ன விஷயங்கள் எடுப்பது அது. 50-ஐத் தாண்டினால் கசிவு இருக்கிறது. இனி ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். யு.எஸ்.பி. சார்ஜர், ஃபாக் லைட் ரிலே (சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டை ஆன் செய்யும் ஸ்விட்ச்), அலாரம் இருந்தால் அது. எதைக் கழற்றும்போது எண் சட்டென்று விழுகிறதோ, அதுதான் ஆள்.

நான் முதலில் சந்தேகப்படுவது ரிலேவை. ரிலேக்குள் ஒரு காயில் இருக்கிறது. அது வேலை செய்துகொண்டிருக்கும்போது 150 மில்லி ஆம்பியர் அளவுக்கு எடுக்கும். அவசரமாக ஒயரிங் செய்பவர்கள் காயிலுக்கான ஒயரை நேராக பேட்டரியிலிருந்து எடுத்து, ஸ்விட்ச்சை லைட்டுக்குப் போகும் பக்கத்தில் போட்டுவிடுவார்கள். லைட் அணைந்துதான் இருக்கும். ரிலே மட்டும் இரவு பகலாக ஆன். காலையில் போய் ரிலேவைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் மீட்டர்கூட வேண்டாம்.

சரியான ஒயரிங் இப்படி இருக்க வேண்டும். ரிலேயில் நான்கு கால்கள், எண் அதிலேயே அச்சிட்டிருக்கும். 30-க்கு பேட்டரி பாசிட்டிவ், நடுவில் ஃப்யூஸ். அந்த ஃப்யூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. 87-இலிருந்து லைட்டுக்கு. 86-க்கு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒரு ஒயரிலிருந்து ஸ்விட்ச் வழியாக. 85 எர்த். யு.எஸ்.பி. சார்ஜரையும் இதே மாதிரி சாவிக்குக் கட்டுப்பட்ட ஒயரில் மாட்டினால் பிரச்சினை அதோடு தீர்ந்தது. இணைப்புகளை வெறும் இன்சுலேஷன் டேப்பால் சுற்றாதீர்கள். சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள், அல்லது நல்ல கப்ளர் போடுங்கள். வெயிலில் டேப்பின் பசை உருகும், மழையில் தண்ணீர் இறங்கும், ஆறு மாதத்தில் ஒயர் பச்சையாகத் துருப்பிடிக்கும்.

ஃபாக் லைட் ஹாலஜனா எல்.இ.டி.யா என்று நீங்கள் சொல்லவில்லை. 55 வாட் ஹாலஜன் இரண்டு என்றால் 110 வாட், ஒன்பது ஆம்பியருக்கு மேல். ஊருக்குள் சிக்னலில் நிற்கும்போது ஐட்லிங்கில் இந்த வண்டியின் ஆல்டர்னேட்டரால் அவ்வளவு கொடுக்க முடியாது, மிச்சத்தை பேட்டரிதான் தரும். 20 வாட் எல்.இ.டி. இரண்டு என்றால் மூன்றரை ஆம்பியருக்குள் முடிந்துவிடும், ஐந்து ஆம்பியர் ஃப்யூஸ் போதும். உங்கள் வண்டியில் ஹெட்லைட்டை அணைக்க ஸ்விட்ச் இருப்பதால் கொஞ்சம் தப்பிக்கிறீர்கள். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டேதான் இருக்கும். அவற்றில் கூடுதல் லைட்டுக்கு மிச்சமிருக்கும் கரண்ட் இன்னும் குறைவு.

அப்புறம் அந்த வெடிப்பு. ஆக்சிலேட்டரை விடும்போது எரியாத கொஞ்சம் பெட்ரோல் சைலன்சருக்குள் போகிறது. அங்கே வெளிக்காற்று கிடைத்தால் பற்றிக்கொண்டு வெடிக்கும். காற்று உள்ளே நுழைய முதல் வழி, எஞ்சின் ஹெட்டில், சைலன்சருக்குப் போகும் வளைந்த பெண்ட் பைப் சேரும் இடத்திலுள்ள கேஸ்கெட், அதாவது அடைப்பு வளையம். சைலன்சரை மாற்றும்போது இதையும் புதிதாகப் போட வேண்டும். பழையது ஒரு முறை நசுங்கியது, மறுபடி மாட்டினால் சரியாக உட்காராது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சோப்புத் தண்ணீரைத் தடவிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள், குமிழி வந்தால் அங்கே லீக். பெண்ட் பைப்பும் சைலன்சரும் சேரும் க்ளாம்ப்பிலும் இதையே செய்யுங்கள். பாதிப் பேருக்கு வெடிப்பு இந்த இரண்டு இடத்திலேயே நின்றுவிடும்.

லீக் இல்லை, ஆனாலும் வெடிக்கிறது என்றால் மிக்ஸர் மெலிந்திருக்கிறது: பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். தடையில்லாத சைலன்சர் போட்டால் புகை வேகமாக வெளியேறும், காற்று கூடுதலாக உள்ளே வரும். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் சின்னத் துளையான ஜெட் மட்டும் பழைய அளவிலேயே விடும். இதற்கான சாட்சி ஸ்பார்க் ப்ளக். இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, எஞ்சின் ஆறியதும் ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் என்றால் சரி. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் மிக்ஸர் மெலிவு, இப்படியே நெடுஞ்சாலையில் ஓட்டினால் பிஸ்டனுக்கு ஆபத்து. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பசையாக ஈரமாக இருந்தால் மட்டுமே எஞ்சினுக்குள் ஆயில் எரிகிறது என்று யோசிக்க வேண்டும். அப்போதும் எஞ்சினை இறக்கும் முன் கம்ப்ரெஷன் கேஜ் வைத்து அளந்து, எவ்வளவு வந்தது என்று எண்ணாகச் சொல்லச் சொல்லுங்கள். சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு எஞ்சினைத் திறக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இந்த எஞ்சினில் ப்ளக் இரண்டு. மிஸ்ஸிங் பார்க்கும்போது பலர் மறப்பது இதைத்தான். ஒரு ப்ளக் செத்தாலும் மற்றொன்றை வைத்துக்கொண்டு வண்டி ஓடும். ஓடுகிறதே என்று நாமும் விட்டுவிடுவோம், ஆனால் இழுவை குறையும், மைலேஜ் குறையும், மேட்டில் திணறும். இரண்டு ப்ளக்கையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நிறம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று பழுப்பு, மற்றொன்று ஈரமும் கரியும் என்றால் அந்தப் பக்கத்து கேப், ஒயர், ஸ்பார்க்குக்குக் கரண்ட் தரும் இக்னிஷன் காயில் மூன்றில் ஒன்று கோளாறு. காயில்களை இடம் மாற்றிப் பார்த்தால் கோளாறும் கூடவே நகர்கிறதா என்பது தெரிந்துவிடும். ஸ்பார்க் பார்க்கும்போது ப்ளக்கை எஞ்சின் உலோகத்தில் ஒட்டி எர்த் கொடுத்தே பாருங்கள். கேப்பைச் சும்மா காற்றில் தொங்கவிட்டு செல்ஃப் அடித்தால் இக்னிஷன் யூனிட் கெடும். ப்ளக் துளைக்குப் பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருக்கும், அதிலிருந்து தள்ளியே வையுங்கள்.

கார்புரேட்டருக்கு வருவோம். இது எஞ்சின் இழுக்கும் வாக்குவத்தால், காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடு மேலே ஏறும் வகை. மேல் மூடிக்குக் கீழே மெல்லிய ரப்பர் டயாஃபிரம் இருக்கும். அதில் குண்டூசி அளவு ஓட்டை விழுந்தாலும் ஸ்லைடு ஏறாது, 60-க்கு மேல் வண்டி கட்டிப்போட்ட மாதிரி நிற்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஓட்டை தெரியும். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ரப்பர் மேனிஃபோல்டு பத்து வயது வண்டியில் விரிசல் விட்டிருக்க நிறைய வாய்ப்புண்டு. ஐட்லிங்கில் ஓடும்போது அதன் மேல் தண்ணீரைப் பூப்போல ஸ்ப்ரே செய்யுங்கள், ஐட்லிங் தடுமாறினால் அங்கே காற்று உறிஞ்சுகிறது. இதற்குப் பெட்ரோலையோ கார்ப் க்ளீனரையோ சூடான எஞ்சின் மேல் அடிக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் கிண்ணமான ஃப்ளோட் பௌலின் அடியில், அதைக் காலி செய்ய ஒரு ட்ரெயின் ஸ்க்ரூ உண்டு. அதைத் திறந்து உள்ளே இருக்கும் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் தண்ணீர் தனியாக நின்றால் மிஸ்ஸிங்குக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, எத்தனால் ஈரத்தை இழுக்கும். 2014 வண்டியின் ரப்பர்கள் அந்த அளவு எத்தனாலை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ஆகவே வாரக்கணக்கில் நிறுத்தும்போது டேங்க்குக்கு அடியிலுள்ள பெட்ரோல் காக் வால்வை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு கார்புரேட்டரைக் காலி செய்துவிடுங்கள். ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட் அடைத்திருந்தால் க்ளீனர் ஸ்ப்ரேயும் காற்றும்தான். இரும்புக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும், ஜெட்டையே மாற்ற வேண்டிவரும். மிக்ஸர் ஸ்க்ரூவைத் தொடும் முன், முழுவதும் உள்ளே போக எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள்.

சைலன்சரோடு சேர்த்துக் கூம்பு மாதிரியான ஏர் ஃபில்டரும் போடச் சொல்லி யாராவது ஆசை காட்டுவார்கள். வேண்டவே வேண்டாம். இந்த வகை கார்புரேட்டருக்கு, ஃபில்டர் உட்கார்ந்திருக்கும் ஏர் பாக்ஸுக்குள் சீராக நிற்கும் காற்று தேவை. ஏர் பாக்ஸை எடுத்துவிட்டால் நடு ரேஸில் தடுமாறும், எந்த ஜெட் போட்டாலும் முழுக்கச் சரியாகாது. பழைய சைலன்சர் கையில் இருந்தால் அதையே திரும்ப மாட்டிவிடுங்கள். வெடிப்பும் நிற்கும், ஜெட் தேடி அலையும் வேலையும் இல்லை.

சட்டமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை ஆல்டர் செய்யக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது 182ஏ பிரிவு. 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு சத்தத்தின் வரம்பு 80 டெசிபெல். ரோட்டில் போலீஸ் முதலில் கவனிப்பதும் சைலன்சரைத்தான். 2029-இல் பதினைந்து ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோய்க் காட்டும்போது கழற்றிய ஒரிஜினல் பாகம் எல்லாமே தேவைப்படும். துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள்.

நீங்கள் சொன்ன கோளாறுகளில் உயிரோடு சம்பந்தப்பட்டது முன்பக்க ஆட்டம். சரியாகும்வரை 60-ஐத் தாண்டாதீர்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்பக்கம் ஒருவரை அழுத்தச் சொல்லி முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். டக் டக் என்று ஆடினால், ஸ்டீயரிங் கழுத்திலுள்ள பேரிங்கான கோன் செட் தளர்ந்திருக்கிறது. அடுத்து ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் ஒரு இடத்தில் வந்து உட்காருவது மாதிரி தடுத்தால் கோன் செட் தேய்ந்துவிட்டது, இறுக்கிப் பயனில்லை, மாற்ற வேண்டும். உயரமான ஹேண்டில்பாரில் நெம்புகோல் நீளம் அதிகம். அதனால் முன்பு தெரியாமல் இருந்த தேய்மானம் இப்போது கைக்குத் தெரிகிறது, நம் கையின் சின்ன அசைவும் ஃபோர்க்குக்குப் பெரிதாகப் போகிறது.

கோன் செட் சரியென்றால் பாக்ஸைக் கழற்றிவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பின்னால் எடை ஏறும்போது முன்சக்கரம் லேசாகிவிடும். ஒரு பாக்ஸில் கருவிகளும் மற்றொன்றில் ரெயின்கோட்டும் என்று ஏற்றத்தாழ்வாக வைத்தால் இன்னும் மோசம். டயர் காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். முன்னால் 90/90-19, பின்னால் 120/80-18 என்ற கம்பெனி அளவிலேயே டயர் இருக்கட்டும். அகலமான பின்டயர் பார்க்க அழகுதான், ஆனால் அதே ரிம்மில் ஏற்றினால் ஓரங்கள் உள்ளே இழுபட்டு நடு மேடாகும், வளைவில் வண்டி சாயத் தயங்கும். செயினையும் பாருங்கள். 25 முதல் 30 மி.மீ. தளர்வு இருக்க வேண்டும், இறுக்கும்போது, பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மின் இரு பக்கக் கோடுகளும் ஒரே எண்ணில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒரு கோடு தள்ளினாலே பின்சக்கரம் கோணலாகப் போகும்.

ஹேண்டில்பார் விஷயத்தில் இன்னொரு சோதனை. ஐட்லிங்கில் வைத்து ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். திருப்பும்போது ரேஸ் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் நீளம் போதவில்லை. பார்க்கிங்கில் வண்டி தானாகப் பாயும் ஆபத்து இது, நீளமான கேபிள் உடனே போடுங்கள். க்ளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் எங்கேயும் இழுபடக் கூடாது. ஒயரிங் ஸ்டீயரிங் கழுத்தருகே மடங்கி உள்ளுக்குள் அறுந்திருந்தால், திருப்பும்போது மட்டும் எஞ்சின் நிற்கும் அல்லது ஹாரன் ஒலிக்காது. மிஸ்ஸிங்குக்கு இதுவும் ஒரு காரணமாகலாம், ஆகவே திருப்பியபடியே ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள்.

க்ரூசரில் பணத்தையும் ஆசையையும் போட நல்ல இடங்கள் வேறு இருக்கின்றன. இடுப்பு வலிக்காத சீட், பின்னால் உட்காருபவருக்கு முதுகு சாயும் பேக்ரெஸ்ட், தோள் தூக்காமல் கை இயல்பாக எட்டும் அளவு ஹேண்டில் உயரம், நல்ல பிரேக் பேட். ஒரு நாளில் முந்நூறு கிலோமீட்டர் போய் இறங்கும்போது உங்களுக்கு நினைவிருக்கப்போவது இவைதான்.

வீட்டில் தொட வேண்டாதது பிரேக் மாஸ்டர் சிலிண்டரும் காலிப்பரும். ஹோஸ் மாற்ற நேர்ந்தால் பிரேக் லைனிலிருந்து ஏர் எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பிரேக் ஆயில் டேங்க்கில் சிந்தினால் பெயிண்ட் உரியும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

வேலை செய்யும்போது ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாது. பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். கழற்றும் முன் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். எல்லாம் முடிந்து ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் எஞ்சின் ஆறட்டும். பிறகு பெண்ட் பைப் நட்டுகள், சைலன்சர் மவுண்ட், ஹேண்டில் க்ளாம்ப், பாக்ஸ் பிராக்கெட் போல்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரு தடவை பானா போட்டுப் பாருங்கள். ஒற்றை சிலிண்டரின் அதிர்வில் புதிதாகப் பூட்டிய நட்டு முதல் ஓட்டத்திலேயே கொஞ்சம் தளரலாம். பிராக்கெட்டுகளுக்கு, உள்ளே நைலான் வளையம் கொண்ட நைலாக் நட்டு போட்டுவிட்டால் அதன் பிறகு அடிக்கடி பார்க்க வேண்டியதில்லை.